தொலைபேசியில் கேட்ட கடல்

ஜெர்மனியில், வுப்பர்டாலில் தமிழ்ச் சனம் வீடு வாங்கும், கடை வாங்கும், மகளின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபத்தோடு குதிரை வண்டியும் பிடிக்கும். வோன்வாகன் வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்து கொறற்றி அக்காவும் யோசப் அண்ணையும் மட்டும்தான். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற, சக்கரம் வைத்த சின்ன வீடு அது. உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. புதிதுகூட இல்லை. யாரோ ஒரு ஜெர்மன்காரக் கிழவரும் கிழவியும் ஊர் சுற்றி அலுத்துப்போய் விற்ற வண்டி.

சனம் சிரித்தது. "அகதி முகாமிலை கிடந்தது காணாதெண்டோ இப்ப காசு குடுத்துப் போய்க் கிடக்கினம்?" என்று கோயிலில் ஒருவர் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதோடு, ஒரே கட்டடத்தில் அவர்களுக்குக் கீழ் மாடியில் இத்தனை வருடமாக இருக்கிறேன் என்ற உரிமையும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்! ஆனால் அக்கா அதை ஏன் வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அதிக நேரம் சிரிக்க முடியாது.

யோசப் அண்ணை முப்பது வருடம் லொறி ஓட்டியவர். ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் சாமான் ஏற்றிக்கொண்டு போவார், தோடம்பழம் ஏற்றிக்கொண்டு திரும்பி வருவார். கொறற்றி அக்கா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் வேலை செய்தார். ஈரமான படுக்கை விரிப்புகளை இரண்டு பேராகப் பிடித்து, சுடுகிற உருளைக்குள் கொடுக்க வேண்டும். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே ஆடி மாதத்துப் புழுக்கம்தான். கைத்தொலைபேசி வந்த காலத்திலிருந்து, மதிய இடைவேளையில் அவருக்கு அண்ணையிடமிருந்து தொலைபேசி வரும்.

"இஞ்சை ஒரு இடத்திலை நிக்கிறன் கொறற்றி. கீழை கடல். பச்சையுமில்லை நீலமுமில்லை, ரண்டுக்கும் நடுவிலை ஒரு நிறம். ஒரு ஈ காக்கை இல்லை."

அக்கா ஆலையின் பின்கதவில் சாய்ந்து நின்று கேட்பார். சில நாட்களில் அண்ணை பேசாமல் தொலைபேசியைக் காற்றில் நீட்டிப் பிடிப்பாராம். அலைச்சத்தம் கேட்குமாம். வேலை முடிந்து வந்து, என்னுடைய குசினியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, அன்றைக்குக் கேட்ட கடலை எனக்குச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். ஆடுகளின் கழுத்து மணி கேட்டது ஆட்டுக்கடல். வெளிச்சவீடு இருந்தது விளக்குக்கடல். அண்ணைக்குத் தடிமன் பிடித்திருந்த நாளில் கேட்டது தும்மல்கடல். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்கக் கேட்க எனக்கும் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு கடல் இருக்கிற மாதிரி ஒரு மயக்கம் வரும். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கூரையும் மழையும்தான் தெரியும்.

இப்படிப் பார்க்காத கடல்களோடு ஒரு மனுஷி வருடக் கணக்காகக் குடும்பம் நடத்தினார். வோன்வாகன் வாங்கிய பிறகும் பெரிய பயணம் கைகூடவில்லை. லீவு கிடைத்தால் பக்கத்து ஏரிக்கரையில் நான்கு நாள் நின்றுவிட்டு வருவார்கள். இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு ஆறுதலாகப் போகலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டார்கள்.

ஓய்வு வந்தது. அதோடு சேர்ந்து யோசப் அண்ணையின் கண்ணும் மங்கத் தொடங்கியது. ஒரு கண்ணில் நடுவாக ஒரு புகை. மற்றக் கண்ணும் அதே வழியில்தான் போகிறது என்றார் கண் வைத்தியர். இப்போதைக்குப் பகலில் ஓட்டலாம், இலையுதிர் காலத்தில் மறுபடியும் சோதிக்க வேண்டும், அதற்குப் பிறகு வண்டி ஓட்டுவதை மறந்துவிடுங்கள் என்று அவர் மென்மையாகத்தான் சொன்னாராம். அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆகவே கணக்கு மிகச் சுலபம். இந்த வசந்தத்தில் போனால்தான் உண்டு.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்யப் போறன் சந்திரா" என்று அண்ணை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

"வேதக்காரருக்கு என்னத்துக்கு அண்ணை சூரிய நமஸ்காரம்?" என்று நானும் பகிடி விட்டேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹம்பேர்க்கில் இருக்கும் மகள் மிதுசா, பிளேனில் போய் நல்ல ஹொட்டலில் நின்றுவிட்டு வாருங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். அக்கா மசியவில்லை. "எனக்கு ஹொட்டல் கடல் வேண்டாம் பிள்ளை. அப்பா நிண்ட இடத்திலை போய் நிக்கவேணும்" என்று சொல்லிவிட்டார். மே மாதம் முதல் கிழமை புறப்படுவதாக முடிவாயிற்று. பிரான்சுக்குள்ளால் இறங்கி, ஸ்பெயினின் வடக்குக் கரையோரமாகப் போர்த்துக்கல் வரை. கோடை முடியத்தான் திரும்பி வருவது.

வண்டி குளிர்காலம் முழுவதும் நகரத்துக்கு மேலே, மேட்டில் இருக்கும் ஒரு விவசாயியின் வைக்கோல் கொட்டகையில் தூங்கும். மார்ச் கடைசியில் அதை வெளியே முற்றத்துக்கு இழுத்து எழுப்ப வேண்டும். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எனக்கு லீவு கிடைக்கிற நாளெல்லாம் அவர்களோடு தொற்றிக்கொண்டு போய்விடுவேன். வேலை செய்கிறேன் என்று பெயர். உண்மையில் அந்த மேட்டில் போய் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. வேலியோரத்தில் பிளம்ஸ் மரங்கள் இலைக்கு முதலே வெள்ளையாகப் பூத்து நிற்கும். மாடுகளை அப்போதுதான் வெளியே விட்டிருப்பார்கள். ஆறு மாதம் தொழுவத்தில் கட்டுண்டு கிடந்த அந்தக் கனத்த மாடுகள் புல்லைக் கண்டதும் கன்றுக்குட்டிகளாகத் துள்ளும். அக்கா வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வேலைகளுக்குக் குறைவில்லை. அண்ணை சக்கரங்களைக் கழற்றி, டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று கையால் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணை விட விரலை அதிகமாக நம்பத் தொடங்கியிருந்தார். அக்கா தண்ணீர்க் குழாய்களுக்குள் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஓட விட்டு, ஒரு இரவு ஊற வைத்துக் கழுவினார். ஜன்னல்களின் இறப்பர் விளிம்புகளுக்கு ஒரு துணியில் பவுடர் தொட்டுப் பூசினார். குழந்தைப் பிள்ளைக்குப் பூசுகிற அதே பவுடர், அதே பக்குவம். நான் திரைச்சீலைகளைத் துவைத்து வேலியில் காயப் போட்டேன்.

பின்னேரத்தில் மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்போம். வண்டி ஒரு அடிகூட அசையாமல் நிற்கும். ஆனால் மேட்டுக் காற்று அடிக்கும்போது அது தன்னுடைய வில்லுகளின் மேல் மெல்ல ஆடும். அப்போது யோசப் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்குவார்.

"இப்ப பிரான்சுக்குள்ளை வந்திட்டம். ரண்டு பக்கமும் மரம். வரிசையா மரம்."

"நான் தூங்கிப்போனன். எழுப்பாதேங்கோ" என்பார் அக்கா.

"எழும்பு கொறற்றி, கடல் வந்திட்டுது."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். மாடுகள் நிற்கும். அவற்றுக்கு அப்பால் பள்ளத்தாக்கில் எங்கள் நகரம் பனிப்புகாருக்குள் கிடக்கும். வயதுபோன மூன்று ஆட்கள் இப்படி விளையாடுவதை யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குக் கூச்சம் வரும். ஆனாலும் அடுத்த லீவு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு பின்னேரம்தான் அக்கா கோப்பையை வைத்துவிட்டு அடுப்புக்கு மேலே இருந்த சுவரில் கையை ஊன்றி எழுந்தார். சுவர் உள்ளே போனது. பாண் அமுங்குகிற மாதிரி அமுங்கி, விரல் பதிந்த இடம் அப்படியே குழியாக நின்றது. அக்கா கையை எடுத்துப் பார்த்தார். ஈரம்.

அண்ணை உள்பலகையின் ஓரத்தை மெதுவாகக் கிளப்பினார். பின்னால் இருந்த மரச் சட்டம் கறுத்துப்போய் இருந்தது. நகத்தால் கீறினால் மரம் தூளாகக் கொட்டியது. அடுப்பிலிருந்து கூரை மூலை வரைக்கும் அதே கோலம்.

"மழைத் தண்ணி இறங்கியிருக்கு" என்றார் அண்ணை. "எங்கையோ வெடிச்சிருக்கு. நான் கவனிக்கேல்லை."

பழுது பார்க்கும் கடைகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டோம். எல்லா இடத்திலும் ஒரே பதில். இப்போது எல்லோருக்கும் வசந்த அவசரம், ஓகஸ்ட் மாதத்துக்கு முன் ரெர்மின், அதாவது வந்து காட்ட நாள், கிடையாது. ஓகஸ்டில் சுவரைத் திறந்தால், மூட இலையுதிர் காலம் வந்துவிடும். வேறு வண்டி வாங்குகிற நிலையும் அவர்களுக்கு இல்லை. அக்கா, ஏற்கெனவே துவைத்து மடித்து வைத்திருந்த திரைச்சீலைகளை எடுத்துக்கொண்டுபோய் இன்னொரு தரம் துவைத்தார்.

யோசப் அண்ணை விடுவதாக இல்லை. வெடிப்பைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டால் சட்டத்தைத் தானே மாற்றலாம் என்றார். கூரையில் ஏறி, விவசாயியின் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டே உள்ளே எங்களைப் பார்க்கச் சொன்னார். ஒரு சொட்டு இறங்கவில்லை. இறங்கி வந்து, ஒவ்வொரு பொருத்தையும் முகத்தை ஒட்டிப் பிடித்துத் தேடினார். அடுத்த நாளும் அதே வேலை. மூன்றாம் தரம் ஏணியில் ஏறும்போது ஒரு படியைத் தவறவிட்டுத் தடுமாறினார். நான் கத்திவிட்டேன்.

"விசரோ அண்ணை உங்களுக்கு? விழுந்து முறிஞ்சால் பயணமும் இல்லை, ஒண்டும் இல்லை!"

அவர் ஏணியிலேயே நின்றார். "கண் இருந்தால் ஒரு நாளிலை கண்டுபிடிச்சிருப்பன் சந்திரா. குருடனிட்டை வண்டியைக் குடுத்தால் இப்பிடித்தான். அவளின்ரை ஆசையை நான்தான் நாசமாக்கிப் போட்டன்."

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவுக்கு அது கேட்டது. ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

இதற்கிடையில் காஸ் சோதனைக்கு ஏற்கெனவே எடுத்து வைத்த ரெர்மின் வந்துவிட்டது. அடுப்புக்கும் சூடாக்கிக்கும் போகிற காஸ் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து ஒரு ஸ்ரிக்கர் ஒட்டுவார்கள். முந்தி அது கட்டாயமில்லை; புதுச் சட்டப்படி அது இல்லாமல் இப்போது புறப்பட முடியாது. வந்தவர் நரைத்த மீசையோடு ஒரு நிதானமான மனிதர். குழாயைப் பார்த்தார், காஸ் அழுத்தச் சீராக்கியைப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு நிமிர்ந்து கூரையில் இருந்த ஜன்னலைப் பார்த்தவர், அப்படியே நின்றார். நுளம்பு வலையைக் கழற்றி, நகத்தால் எதையோ சுரண்டினார். நீளமான, கண்ணாடி போன்ற ஒட்டு நாடா உரிந்து வந்தது. அந்த ஜன்னலின் ஓரங்களில், மூடினாலும் காற்றுப் போகிற மாதிரிச் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். எல்லாத் துளைக்கும் மேலே நாடா. அவர் குனிந்து, தரையில் இருந்த துளைகளையும் பார்த்தார். அவற்றுக்குள்ளிருந்து சுருட்டித் திணித்த பழைய காலுறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அவர் ஏசவில்லை. காஸ் கசிந்தால் கீழே இறங்கும், அது வெளியே போகத்தான் தரைத் துளை. ஆட்கள் மூச்சு விடத்தான் கூரைத் துளை. இப்படி அடைத்து வைத்துவிட்டு உள்ளே படுத்தவர்கள் காலையில் எழும்பாமல் போனதும் உண்டு என்று அமைதியாகச் சொன்னார். சுவரையும் ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். இது மழை இல்லை, வெளியே போக வழியில்லாமல் நின்ற சமையல் ஆவி. வருடக் கணக்காகச் சுவருக்குள் போயிருக்கிறது என்றார். எல்லாத் துளைகளையும் திறந்து, சுவரையும் சரி செய்த பிறகு கூப்பிடுங்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு, விவசாயியின் வீட்டில் கோப்பி குடிக்கப் போய்விட்டார்.

அண்ணை அந்த நாடாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆர் ஒட்டினது?"

"நான்தான்" என்றார் அக்கா.

"ஏன்?"

அக்கா குனிந்து காலுறைகளைப் பொறுக்கத் தொடங்கினார். எனக்கு அவர் சொல்லவே தேவையில்லை. அந்த நாடாவைக் கண்ட உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பெண்கள் எல்லோருக்கும் விளங்கும். மீன் பொரிப்பதற்கு முதல் பிள்ளைகளின் கோட்டுகளை எடுத்துப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்துவோம். வாசல் கதவின் அடியில் ஈரத் துவாயைத் திணிப்போம். கடுகு வெடிக்கும்போதே படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுப்போம். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி ஒருத்தி மணியடித்து, என்ன எரிகிறது என்று கேட்ட நாளிலிருந்து தொடங்கிய பழக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நாங்கள் சோற்றையே மறைத்தோம். அது பழகி, அப்படிச் செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் போய்விட்டது.

கடைசியில் அக்கா சொன்னார். "முதல் வருசம் ஏரிக்கரையிலை நிண்டனாங்கள் எல்லே. நான் மீன் பொரிக்கேக்கை பக்கத்து மனுசி தன்ரை ஜன்னலைச் சாத்தினவ. ஒண்டும் சொல்லேல்லை. சாத்தினவ, அவ்வளவுதான். அடுத்த நாள் கடைக்குப் போய் உந்த ரேப்பை வாங்கினனான்."

"ஒரு ஜன்னலுக்கோ?"

"உங்களுக்கு விளங்காது. நீங்கள் லொறியிலை தனியத் திரிஞ்ச ஆள். மேலையும் கீழையும் சனத்தை வைச்சுக்கொண்டு சமைச்சால்தான் தெரியும்." அதற்கு மேல் அவரால் குரலை அடக்க முடியவில்லை. "நீங்கள் உங்கடை கண்ணைப் பேசிக்கொண்டு ஏணியிலை ஏறி இறங்கினியள். நான்தான் எல்லாத்தையும் அடைச்சு வைச்சிருந்திருக்கிறன். இந்த வருசம் இல்லாட்டி இல்லையெண்டு தெரிஞ்சும், என்ரை கையாலையே..."

அக்கா அழுது நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

யோசப் அண்ணை வண்டியின் படியில் உட்கார்ந்தார்.

"எனக்கு விளங்காதெண்டோ சொல்லுறாய்?" என்றார். "லொறி நிப்பாட்டுற இடத்திலை கடல் தெரியுமெண்டு நினைச்சியோ கொறற்றி? சீமெந்துத் தரை. மூத்திர மணம். வரிசையா லொறி. கடல் எங்கை இருக்கு அங்கை?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"வேலைக்குச் சேர்ந்த புதிசு. எல்லா நாட்டுக்காரரும் ஒண்டா இருந்து சாப்பிடுறவங்கள். என்னையும் கூப்பிட்டாங்கள். நீ கட்டித் தந்த பெட்டியைத் திறந்தன். கருவாட்டுக் குழம்பு. ஒருத்தன் மூக்கைப் பொத்தினான். மற்றவங்கள் சிரிச்சாங்கள். கெட்டவங்கள் இல்லை, பகிடிக்குத்தான். பிறகு தங்கடை தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அங்காலை போய் இருந்தாங்கள்." அவர் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "அதோடை சரி. சாப்பாட்டு நேரம் வந்தால் நான் பெருந்தெருவை விட்டு இறங்கிப் போயிடுவன். சின்ன ரோட்டாலை போய், லொறி நிக்கக்கூடியதா, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாப் பாப்பன். மலை விளிம்பு, கடல் விளிம்பு. அங்கைதான் பெட்டியைத் திறக்கிறது. சாப்பிட்டு முடிய உனக்கு ரெலிபோன் எடுப்பன்."

"ஆட்டுக்கடலும் அப்பிடியோ?" என்று அக்கா கேட்டார்.

"அங்கை ஆடு மட்டும்தான். அதுகளுக்கு மணம் பிழையில்லை."

"விளக்குக்கடல்?"

"எல்லாந்தான் கொறற்றி."

ஆலையின் பின்கதவில் நின்று அக்கா கேட்டுக் கேட்டு ஆசைப்பட்ட கடல்கள் எல்லாம், இந்த மனிதன் ஒளித்திருந்து சோறு தின்ற இடங்கள். எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார் அக்கா.

"சொன்னால் நீ கருவாடு கட்ட மாட்டாய்."

அக்கா சிரித்தாரா அழுதாரா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றாக வந்தது. பிறகு எழுந்து உள்ளே போய், கட்டிலின் மேல் ஏறி நின்று, கூரை ஜன்னலில் மிச்சமிருந்த நாடாவை உரிக்கத் தொடங்கினார். உரித்து உரித்துக் கீழே எறிந்துகொண்டே, "பயணம் போறதுதான்" என்றார். "நீங்கள் தனிய இருந்து சாப்பிட்ட இடம் ஒண்டும் விடாமல் போவம். இந்த முறை நானும் பக்கத்திலை இருப்பன். இப்ப மரத்தை என்ன செய்யிறதெண்டு சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு ஏப்ரல் மாதம் போனது எனக்கு ஒரு கனவு போலத்தான் ஞாபகம் இருக்கிறது. உள்பலகையைக் கழற்றி, நனைந்த பஞ்சையும் உக்கிய சட்டங்களையும் வெட்டி எடுத்தோம். திறந்த சுவரைக் கிழமைக் கணக்கில் காய விட்டோம். நல்ல வெயில் எறித்தது. பிளம்ஸ் பூ உதிரத் தொடங்கியிருந்ததால், திறந்து கிடந்த வண்டிக்குள் காற்று பூவிதழ்களைக் கொண்டுவந்து கொட்டும். கட்டிலில் பூ, அடுப்பில் பூ, அக்காவின் தலையில் பூ. கூட்டித் தள்ளினால் அடுத்த நாளும் வந்து கிடக்கும். அண்ணை அளவு சொல்ல, அக்கா மரம் அறுத்தார். நூல் பிடித்து நேர் பார்க்கிற வேலையை அண்ணை விட்டுக் கொடுக்கவில்லை. பார்க்க முடியாத இடத்தில் விரலால் தடவி, "இந்தப் பக்கம் ஒரு மயிரளவு கூடிப்போச்சு" என்பார். சரியாகத்தான் இருக்கும். நான் பசைக் குழாயோடு நின்று, ஒட்டச் சொன்ன இடத்தில் ஒட்டி, ஒட்டக் கூடாத இடத்திலும் ஒட்டி ஏச்சு வாங்கினேன்.

புதுப் பலகைக்கு மேல் நாங்கள் பூசிய நிறம் பழைய நிறத்தோடு சேரவில்லை. அடுப்புக்கு மேலே ஒரு சதுரம் மட்டும் வெளிறித் தெரிந்தது. "தெரியட்டும்" என்றார் அக்கா. மீசைக்கார மனிதர் திரும்பி வந்தார். துளைகளுக்குக் கீழே கையைப் பிடித்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். வந்தது. ஸ்ரிக்கரை ஒட்டிவிட்டு, எங்கே பயணம் என்று கேட்டார். "கடலுக்கு" என்று அக்கா ஜெர்மன் மொழியில் சொன்னார். எந்தக் கடல் என்று அவர் கேட்டார். அக்கா வைத்த பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லையே.

மே மாதம் இரண்டாம் கிழமை, சொன்னதை விடச் சில நாள் பிந்தி, ஒரு காலையில் புறப்பட்டார்கள். மேட்டில் கடுகு வயல்கள் மஞ்சளாகக் கண்ணைக் கூச வைத்தன. கேவலார் மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை அக்கா முன்னாலும் பின்னாலும் தெளித்தார். நான் என் பங்குக்குத் தேசிக்காய்களோடு போயிருந்தேன். காரின் சக்கரங்களுக்கு வைத்து, வண்டியின் இரண்டு சக்கரங்களுக்கும் வைத்தேன்.

"முன்னுக்கு ஒரு சின்னச் சக்கரம் இருக்கு, அதுக்கும் ஒண்டு வை சந்திரா" என்றார் அண்ணை. "மாதாவும் பிள்ளையாரும் தங்களுக்குள்ளை கதைச்சுப் பேசிக்கொள்ளட்டும்."

அந்தச் சின்னச் சக்கரத்தை ஏற்கெனவே மேலே தூக்கிக் கட்டியாயிற்று என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அண்ணை சிரித்துக்கொண்டே காரில் ஏறினார். சக்கரங்களின் கீழ் தேசிக்காய்கள் நசுங்கிய சத்தம் கேட்டது. வண்டி முற்றத்தை விட்டு இறங்கி, மஞ்சள் வயல்களுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டுப் போலப் போய் மறைந்தது. நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். மேல் மாடியில் காலடிச் சத்தம் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா அடிக்கடி தொலைபேசியில் அழைக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, நான் முதியோர் இல்லத்தில் மதிய இடைவேளையில் உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது.

"சந்திரா, ஆட்டுக்கடலுக்கு வந்திட்டம்."

"கடல் எப்பிடி அக்கா? அவர் சொன்ன நிறமோ?"

"கடல் கிடக்கு" என்றார் அக்கா. "ஆனால் ஆட்டைக் காணேல்லை. இஞ்சை இப்ப கார் விட, வோன்வாகன் விட எண்டு பெரிய இடம் கட்டி வைச்சிருக்கு. ஒரே சனம். எங்களைச் சுத்தி எல்லா நாட்டுக்காரரும் நிக்கினம். காலடி வைக்க இடமில்லை."

இத்தனை பாடுபட்டுப் போனது இதற்குத்தானா? "அப்ப என்ன செய்தனீங்கள்?"

"இவர் திருப்புவம் எண்டவர். இன்னும் கொஞ்சத் தூரம் போனால் ஆளில்லாத இடம் ஒண்டு தனக்குத் தெரியும், அங்கை போவம் எண்டு நிண்டவர். நான் ஏலாது எண்டிட்டன். மேசையை வெளியிலை தூக்கிப் போட்டு, கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விட்டிட்டு, கருவாடு பொரிச்சன்."

"ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"ரண்டு மூண்டு பேர் திரும்பிப் பாத்தவை. இவர் உடனே தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். வண்டிக்குப் பின்னாலை போய்ச் சாப்பிடப் போறாராம். நான் கையைப் பிடிச்சு இருத்தினன்." காற்றுச் சத்தம் கேட்டது. அதற்கு அடியில் அலைச் சத்தமும் கேட்டது. யாரோ பிள்ளைகள் பந்து விளையாடுகிற சத்தமும் வந்தது.

"இப்ப என்ன செய்யிறார்?"

"சாப்பிடுறார்" என்றார் அக்கா. "கதிரையைத் திருப்பிப் போட்டிட்டார் சந்திரா. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சனத்தைப் பாத்துக்கொண்டு இருந்து சாப்பிடுறார்."